பழைய மதர்போர்டில் புதிய தலைமுறை பிராசசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அசெம்பிள் செய்த கணினியில் எந்தக் கோளாறும் இல்லை, வேகம் மட்டும் போதவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்ற முடிந்தால் செலவு பெருமளவு குறையும். ஆனால் போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு திரையில் ஒன்றும் வராமல் தவிப்பவர்களையும் தொடர்ந்து பார்க்கிறேன். இந்த மாற்றம் மிக நன்றாகக் கைகூடுவது ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டுகளில் என்பதால், அவற்றையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘செயலி’ என்ற சொல் இன்று கைப்பேசி ஆப்களுக்கும் வழங்குவதால், குழப்பம் வராதிருக்க ‘பிராசசர்’ என்றே எழுதியிருக்கிறேன்.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதாதா?

போதாது. இதற்கு இன்டெல்லின் எல்ஜிஏ1151 சாக்கெட்டைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2015இல் ஆறாம் தலைமுறை பிராசசர்களுடன் வந்த இந்தச் சாக்கெட்டில், 2017 தொடக்கத்தில் வெளியான ஏழாம் தலைமுறையும் பயோஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோதும் சாக்கெட்டின் பெயர் மாறவில்லை, 1151 தொடுமுனைகள் என்ற எண்ணிக்கையும் மாறவில்லை. ஆனால் முன்பு பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த தொடுமுனைகள் சிலவற்றை மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் கூடுதலாக ஒதுக்கியிருந்தார்கள். 300 வரிசை சிப்செட் (பிராசசரையும் போர்டின் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்) உள்ள போர்டும் கட்டாயம் என்றார்கள். பிராசசருக்குள் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்ததால் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஆர்வலர்கள் சிலர் பயோஸைத் திருத்தி, தொடுமுனைகளில் சிலவற்றை டேப் ஒட்டி மறைத்து, பழைய போர்டிலேயே எட்டாம் தலைமுறையை ஓட்டிக் காட்டியது உண்மை. ஆயினும் அன்றாட வேலைக்கு ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

ஆகவே சாக்கெட், சிப்செட், பயோஸ், போர்டிலுள்ள மின்சுற்று ஆகிய நான்கும் ஒத்துவந்தால்தான் பிராசசர் ஓடும். சாக்கெட் என்பது அவற்றுள் முதலாவது மட்டுமே.

அப்படியானால் எதைப் பார்த்து உறுதி செய்துகொள்வது?

உங்கள் போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலுக்கான ஆதரவுப் பக்கத்தில், எந்தெந்த பிராசசர் எந்த பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியல் இருக்கும். கடைக்காரரின் சொல், யூடியூப் காணொளி, இந்தப் பக்கம் ஆகிய எல்லாவற்றையும்விட அந்தப் பட்டியல்தான் நம்பத்தக்கது. அதில் நீங்கள் வாங்க நினைக்கும் பிராசசரின் பெயர் இல்லையென்றால், அதே சிப்செட் கொண்ட வேறொரு போர்டில் அது ஓடுகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

பட்டியலைப் பார்க்கும் முன் மாடல் பெயரை முழுமையாகக் குறித்துக்கொள்வது அவசியம். விண்டோஸின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் போர்டின் பெயரும், இப்போதுள்ள பயோஸின் பதிப்பும் தேதியும் தெரியும். சில மாடல்களில் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று ரிவிஷன்கள் உண்டு. அவற்றுக்கு பயோஸ் கோப்பும் வெவ்வேறாக இருக்கலாம். ரிவிஷன் எண்ணைப் போர்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கேபினட்டைத் திறந்து, டார்ச் அடித்து, அதை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

2017இல் வாங்கிய, பி350 சிப்செட் கொண்ட ஏஎம்4 போர்டு இருக்கிறது. அதில் ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை பிராசசர் ஓடுமா?

பெரும்பாலான பி350, எக்ஸ்370, ஏ320 போர்டுகளில் ஓடும். ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதைத் தெரிந்துகொண்டால், பழைய தகவல்களுக்கும் புதிய தகவல்களுக்கும் இடையே ஏன் முரண்பாடு இருக்கிறது என்பது விளங்கும்.

முதல் ரைசன் பிராசசர்கள் 2017 மார்ச்சில் வந்தன. 3000 வரிசை 2019 ஜூலையிலும், 5000 வரிசை 2020 நவம்பரிலும் வெளியாயின; சாக்கெட் மூன்றுக்கும் ஏஎம்4தான். 5000 வரிசை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 மே மாதத்தில், அவை 500 வரிசை சிப்செட் போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று ஏஎம்டி அறிவித்தது. அப்போதுதான் பி450 போர்டு வாங்கியிருந்தவர்களிடமிருந்து எழுந்த கடும் எதிர்ப்பால், அதே மாதத்திலேயே நிறுவனம் பின்வாங்கி, பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கும் ஆதரவு தருவதாகச் சொன்னது. பி350 அடங்கிய ஏஎம்டியின் 300 வரிசைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2022 மார்ச்சில்தான் ஏஎம்டி அதற்கு முறையான ஒப்புதல் தந்தது. அதன்பின் போர்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் புதிய பயோஸை வெளியிட்டன. ஆகவே 2021இல் எழுதப்பட்ட கட்டுரையொன்று ‘பி350இல் 5600எக்ஸ் ஓடாது’ என்று சொன்னால், எழுதிய நாளில் அது பெரும்பாலும் சரிதான், இன்று சரியன்று.

பயனாளர்கள் குரல் கொடுத்ததால் ஒரு பெரிய நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்ட இந்த நிகழ்வை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். லட்சக்கணக்கான நல்ல போர்டுகள் குப்பைக்குப் போகாமல் அது காத்தது.

ஒரே சாக்கெட்டாக இருந்தும் ஆதரவு தர ஏன் அவ்வளவு தயக்கம்?

போர்டில் பயோஸ் குடியிருக்கும் சிப்பின் கொள்ளளவு முக்கியமான காரணம். தொடக்ககால ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் அது 16 எம்பி மட்டுமே. ஒவ்வொரு தலைமுறை பிராசசரையும் அடையாளம் கண்டு இயக்குவதற்கான நிரல் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கவேண்டும். தலைமுறைகள் கூடக்கூட இடம் போதாமல் போயிற்று. சில நிறுவனங்கள் பயோஸ் திரையின் படங்களையும் அலங்காரங்களையும் நீக்கி எளிமையாக்கின. சில, பழைய பிராசசர்களுக்கான ஆதரவையே எடுத்துவிட்டன. எம்எஸ்ஐ நிறுவனம் 2019இல் தன் பி450 போர்டுகளை 32 எம்பி சிப்புடன் ‘மேக்ஸ்’ என்ற பெயரில் மறுபடியும் வெளியிட்டது.

இதில் ஏமாந்துவிடக் கூடிய ஓர் இடம் உண்டு. ரைசனுக்கு முந்தைய கட்டமைப்பில் வந்த ஏ6-9500, ஏ8-9600 போன்ற ஏஎம்4 பிராசசர்களுக்கான ஆதரவு, புதிய பயோஸ்கள் பலவற்றில் நீக்கப்பட்டுவிட்டது. அவற்றை வைத்திருப்பவர் பயோஸை ஏற்றிய மறுகணமே பழைய பிராசசரில் கணினி எழாமல் போகலாம். ஆகவே அவர்கள் மட்டும் புதிய பிராசசரைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அப்டேட்டைத் தொடங்கவேண்டும்.

முதலில் பிராசசரை மாற்றுவதா, பயோஸை அப்டேட் செய்வதா?

பயோஸைத்தான். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே புதிய பயோஸை ஏற்றி, கணினி வழக்கம்போல் எழுகிறதா என்று ஓரிரு நாள் பார்த்துவிட்டு, அதன் பிறகே பிராசசரைக் கழற்றுங்கள். உறவினர் ஒருவருக்காக நான் முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது வரிசையை மாற்றிவிட்டேன். பழைய ரைசன் 1600ஐ முதலில் விற்று, அந்தப் பணத்தையும் சேர்த்துப் புதியதை வாங்கியிருந்தோம். போர்டிலோ 2018ஆம் ஆண்டின் பயோஸ் இருந்தது. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே நின்றது. நண்பர் ஒருவர் தம் கணினியிலிருந்து பிராசசரைக் கழற்றி ஒரு மாலைப்பொழுதுக்குக் கொடுத்ததால்தான் அந்த போர்டு உயிர் பெற்றது. அன்றிலிருந்து, புதியது ஒரு வாரம் சரியாக ஓடும் வரை பழையதை விற்காதீர்கள் என்று கேட்கும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

அந்தச் சிக்கலில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல், மின்சாரமும் ஒரு பென் டிரைவும் இருந்தாலே பயோஸை ஏற்றும் பொத்தான் பின்புறம் இருக்கும். ‘ஃபிளாஷ்பேக்’ என்ற சொல் அதன் அருகிலோ கையேட்டிலோ காணப்படும். அது இல்லையென்றால், புரோகிராமர் கருவியைப் பயோஸ் சிப்பில் கிளிப் போட்டு இணைத்து நேரடியாக எழுதலாம். லேப்டாப் சர்வீஸ் செய்பவர்களிடம் இந்தக் கருவி பெரும்பாலும் இருக்கும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

பயோஸ் அப்டேட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

போர்டு எழாமல் போகக்கூடும். அதற்காகத்தான் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். யுபிஎஸ் இல்லாதவர்கள், மின்தடை அறிவித்த நாளையும் மழை இடியுள்ள நேரத்தையும் தவிர்த்து, ஒருமணி நேரம் இரவல் வாங்கியாவது செய்வது நல்லது.

செய்முறை எளிதுதான். கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, பயோஸ் திரைக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வசதியால் ஏற்றவேண்டும். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருளைவிட இது பாதுகாப்பானது. மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாத போர்டுகளும் உண்டு. இடையில் ஏற்றவேண்டிய பதிப்பு எதுவென்று பதிவிறக்கக் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் தாவியவர்களிடமிருந்துதான் எனக்கு அதிகமான புலம்பல்கள் வந்திருக்கின்றன. ஏற்றி முடிந்தபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாத நிலையும் வரலாம்.

பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் விலைகுறைந்த போர்டு அவ்வளவு மின்சாரத்தைத் தாங்குமா?

கேட்கவேண்டிய கேள்வி இது, பலரும் கேட்பதில்லை. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை, பிராசசருக்கு வேண்டிய ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக இறக்கித் தரும் மின்சுற்று, சாக்கெட்டின் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் சிறு கறுப்புக் கட்டங்களைக் கொண்டது. விலை உயர்ந்த போர்டுகளில் அவற்றின்மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க் இருக்கும். ஏ320 போர்டுகள் பலவற்றில் இருக்காது. பெட்டியில் 105 வாட் என்று எழுதியுள்ள ஏஎம்4 பிராசசர், தன் இயல்பான அமைப்பிலேயே 142 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. ஹீட்சிங்க் இல்லாத மின்சுற்றில், கோடைகாலத்து அறை வெப்பத்தில், இதை மணிக்கணக்கில் ஓட்டினால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது.

ஆகவே எளிய போர்டு வைத்திருப்பவர்கள் 65 வாட் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறு கோர்கள் போதுமென்றால் ரைசன் 5 5600, எட்டு வேண்டுமென்றால் ரைசன் 7 5700எக்ஸ்: இரண்டுமே இந்த வகைதான். என் கருத்தில் பழைய பி350 போர்டுக்கு 5600தான் மிகப் பொருத்தமான இணை. விளையாட்டுக்காகவே கணினி வைத்திருப்பவர்கள் 5800எக்ஸ்3டி பிராசசரை விரும்புவார்கள். அது 105 வாட் வகை என்பதையும், பெட்டியில் கூலர் வராது என்பதையும் மறக்கவேண்டாம்.

இப்போது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அது ஒரு பிரச்சினையா?

ஆம், பெரிய பிரச்சினை. ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி போன்றவற்றின் பெயரிலுள்ள ‘ஜி’ என்ற எழுத்து, திரைக்குப் படம் அனுப்பும் வசதி பிராசசருக்குள்ளேயே இருப்பதைக் குறிக்கிறது. 5600இலும் 5700எக்ஸிலும் அந்த வசதி இல்லை. போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிவிட்டு, புதிய பிராசசர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. தனி கார்டு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் 5600ஜி போன்ற ஒன்றைத்தான் பார்க்கவேண்டும்.

பழைய ரேமும் கூலரும் போதுமா?

ஏஎம்4 முழுவதும் டிடிஆர்4 ரேம்தான். ஆகவே பழையது ஓடும். முதல் தலைமுறை ரைசனில் 2933 அல்லது 3200 வேகத்தை எட்ட மறுத்த ரேம், 5000 வரிசையில் சிரமமின்றி எட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏஎம்4 கூலரும் அப்படியே பொருந்தும். தெர்மல் பேஸ்ட்டை மட்டும் துடைத்துப் புதிதாக இடவேண்டும்.

பழைய போர்டில் போட்டால் முழு வேகமும் கிடைக்குமா?

பிராசசரின் கணக்கிடும் வேகம் ஏறக்குறைய முழுமையாகவே கிடைக்கும். கிடைக்காதது, கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தரவு அனுப்பும் பாதையான பிசிஐஇயின் 4.0 பதிப்பு. 300, 400 வரிசை போர்டுகளில் அது 3.0 ஆகவே நிற்கும். அந்தப் பாதையின் தடங்களான லேன்களில் பதினாறைப் பயன்படுத்தும் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு இதனால் வரும் இழப்பு மிகக் குறைவு. நான்கே லேன்களில் இயங்கும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகளில் இழப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். பழைய போர்டுக்கு அத்தகைய கார்டைத் தவிர்க்கலாம். என்விஎம்இ எஸ்எஸ்டி அன்றாட வேலையில் 3.0இலேயே போதிய வேகத்தில் ஓடும்.

பிராசசரை மாற்றினால் விண்டோஸை மறுபடி போடவேண்டுமா? ஃபைல்கள் போய்விடுமா?

மறுபடி போடவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு முன்னெச்சரிக்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதன் சாவி பிராசசரோடு பிணைந்த டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியில் காக்கப்பட்டிருக்கும். பிராசசர் மாறியதும் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். அப்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் வட்டிலுள்ளவற்றைத் திறக்க வழியே இல்லை. ஆகவே மாற்றுவதற்கு முன் அந்தச் சாவியைத் தாளில் எழுதியோ வேறு கருவியில் சேமித்தோ வைத்துக்கொண்டு, பிட்லாக்கரையும் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். புதிய பிராசசருடன் முதல்முறை எழும்போது, டிபிஎம்மை மீட்டமைக்கலாமா என்று ஏஎம்டி போர்டுகள் கேட்பது வழக்கம். மேற்சொன்ன ஏற்பாடு முடிந்திருந்தால் அச்சமின்றிச் சம்மதிக்கலாம். விண்டோஸ் நுழைவுக்கான பின் எண்ணை மட்டும் புதிதாக அமைக்கவேண்டி வரும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும் இந்த மாற்றத்தை நாடுவோர் பெருகியதற்கு ஒரு காரணம். முதல் தலைமுறை ரைசனை விண்டோஸ் 11 முறையாக ஏற்பதில்லை. அதே போர்டில் 5000 வரிசையைப் போட்டு, பயோஸில் டிபிஎம்மை இயக்கினால் ஏற்கும். பழைய முறையில் விண்டோஸ் நிறுவியவர்கள் வட்டை ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறைக்கு மாற்றி, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் கணினியை எழச் செய்யவும் வேண்டும்.

ரைசன் 7000, 9000 வரிசைகளை ஏஎம்4 போர்டில் போடலாமா?

முடியாது. அவை 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கானவை. முள்கள் பிராசசரில் இருந்த முறை மாறிப் போர்டுக்கு வந்துவிட்டது, ரேமும் டிடிஆர்5. எந்த பயோஸ் வந்தாலும் இது மாறாது.

என்னிடம் இருப்பது இன்டெல் போர்டு. எனக்கு எவ்வளவு வாய்ப்பு?

பொதுவாக இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை போர்டை மாற்றவேண்டி வந்தது இன்டெல்லின் வழக்கம். 100, 200 வரிசை சிப்செட்டுகளுக்கு ஆறும் ஏழும், 300 வரிசைக்கு எட்டும் ஒன்பதும் என்ற கணக்கு. பத்தாம் தலைமுறைக்கான 400 வரிசையில் ஒரு விலக்கு உண்டு: எச்470, இசட்490 போர்டுகள் பதினோராம் தலைமுறையை ஏற்கும், பி460, எச்410 ஏற்பதில்லை. ஒரே ஆண்டில், ஒரே சாக்கெட்டில், ஒரே கடை அலமாரியில் விற்ற போர்டுகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு இருந்ததால் ஏமாந்தவர்கள் பலர். அவர்கள் மனவருத்தம் நியாயமானது. 2021இல் வந்த எல்ஜிஏ1700 சாக்கெட் சற்றுத் தாராளமானது. 600 வரிசை போர்டுகள் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை மூன்று தலைமுறைகளையும் பயோஸ் அப்டேட்டோடு ஏற்கின்றன.

எச்61, எச்81 போன்ற மிகப் பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இந்த வழியில் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். அந்த சாக்கெட்டின் உயர்ந்த பிராசசரைப் பயன்படுத்திய பொருளாக வாங்குவதைவிட, ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டு ஓட்டிவிட்டு, சேமித்த பணத்தைப் புதிய போர்டுக்கு ஒதுக்குவதே மேல்.

கழற்றும்போது கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார்களே?

ஏஎம்4இல் அது நடக்கும். பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடியிலுள்ள 1331 முள்களில் சில வளைந்தும் போகலாம். இதைத் தவிர்க்க, கழற்றுவதற்கு முன் கால்மணி நேரம் கனமான வேலை ஏதேனும் கொடுத்துக் கணினியைச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய உடனே, கூலரை மேல்நோக்கி இழுக்காமல் இடவலமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பின் தூக்குங்கள். வளைந்த முள்ளைப் பேனா வடிவ மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையால் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். ஒடிந்துவிட்டால் சாதாரணக் கடைகளில் சரிசெய்ய இயலாது.

எல்லாம் முறைப்படி செய்தும் திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். புதிய பிராசசரைக் கண்டதும் போர்டு ரேமைப் புதிதாகப் பழக்கப்படுத்திக்கொள்ளும்; அப்போது இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழுவது இயல்பு. பதற்றத்தில் ஒவ்வொரு முறையும் பவர் பொத்தானை அழுத்தி அந்த வேலையைக் குலைக்காதீர்கள். பிறகும் வராவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கி, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்துப் பழைய அமைப்புகளை அழித்துவிட்டு, ஒரே ஒரு ரேமைச் சாக்கெட்டிலிருந்து இரண்டாவது துளையில் மட்டும் போட்டு முயலுங்கள். கேபிள் போர்டின் துளையில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்பதையும், சாக்கெட்டுக்கு மேலுள்ள எட்டு முள் மின் இணைப்பு முழுமையாக இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்கும் எழவில்லையென்றால், விற்காமல் வைத்திருக்கும் பழைய பிராசசரைத் திரும்பப் போடுங்கள். அதில் எழுந்தால் பயோஸ் பதிப்பை மறுபடியும் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். அதிலும் எழாவிட்டால், பழுது போர்டிலா, வேலையின்போது அசைந்த ஏதேனும் ஓர் இணைப்பிலா என்று தேடவேண்டும்.